பெற்றோரின் உடல்நிலைக்காக வீட்டை மாற்றியமைத்த செலவை வரியில் கழிப்பது எப்படி? அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்கு முழுமையான வழிகாட்டி

அமெரிக்க வீடுகளின் குளியல் தொட்டிக்கு ஓரடிக்கும் மேலான உயரத்தில் விளிம்பு இருக்கும். இடுப்பு எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, வாக்கரோடு வீடு திரும்பிய அம்மா அதைத் தாண்டுவதற்குக் காலைத் தூக்கும்போது, கைக்கு எட்டுவது துண்டு போடும் கம்பி ஒன்றுதான். ஈரத் துண்டைத் தாங்கத் திருகப்பட்ட அந்தக் கம்பி ஓர் ஆளின் எடையைத் தாங்காது. இதைக் கண்ணால் பார்த்த வாரத்திலேயே பெரும்பாலான குடும்பங்கள் கான்ட்ராக்டரை அழைத்துவிடுகின்றன. வரியைப் பற்றிய நினைவு அடுத்த ஏப்ரலில்தான் வருகிறது. அதற்குள் மருத்துவரின் கடிதம் இல்லை, பில்லில் மருத்துவத் தேவையும் அலங்காரமும் ஒரே வரியில் கலந்து கிடக்கின்றன, பணம் இரண்டு ஆண்டுகளுக்குப் பிரிந்து போயிருக்கிறது.

அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 213ஆம் பிரிவு, மருத்துவத் தேவைக்காக வீட்டில் செய்த மாற்றங்களின் செலவை மருத்துவச் செலவாகவே ஏற்கிறது. அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். வெளியிடும் 502ஆம் எண் கையேடு அதற்கான விதிகளைச் சொல்கிறது. ஆனால் வரிக்குரிய வருமானத்திலிருந்து செய்யும் இந்தக் கழிவு (டிடக்‌ஷன்) எல்லோருக்கும் கிடைப்பதில்லை. கிடைப்பவர்களுக்கும் அவர்கள் நினைத்த தொகை கிடைப்பதில்லை. எவ்வளவு கிடைக்கும் என்பது பெரும்பாலும் வேலையைத் தொடங்கும் முன் எடுக்கும் முடிவுகளைப் பொறுத்தது என்பதால், அந்த வரிசையிலேயே இந்த வழிகாட்டி செல்கிறது. கணக்குகள் 2025 வரியாண்டின் விதிகளைக் கொண்டவை.

முதல் படி: யாருக்காகச் செய்கிறோம்?

செலவு உங்களுக்காகவோ, கணவன் அல்லது மனைவிக்காகவோ, உங்களைச் சார்ந்து வாழ்பவருக்காகவோ செய்யப்பட்டிருக்க வேண்டும். நம் குடும்பங்களில் இது பெரும்பாலும் பெற்றோரைப் பற்றிய கேள்வியாகிவிடுகிறது, சிக்கலும் அங்கேதான்.

பெற்றோர் உங்களைச் சார்ந்தவர் என்று கொள்ள, அந்த ஆண்டில் அவருடைய வாழ்க்கைச் செலவில் பாதிக்கு மேல் நீங்கள் ஏற்றிருக்க வேண்டும். உணவு, உடை, மருத்துவம் மட்டுமல்லாமல், அவர் உங்கள் வீட்டில் தங்கியிருந்தால் அந்த அறைக்கு நியாயமாக வரக்கூடிய வாடகை மதிப்பும் நீங்கள் செய்த ஆதரவாகக் கணக்கில் வரும். வழக்கமாகச் சார்ந்தவருக்கு வருமான வரம்பு ஒன்று உண்டு. 2025இல் அது 5,200 டாலர். ஊரில் உள்ள வீட்டு வாடகையும் வைப்புத்தொகை வட்டியும் சேர்ந்தால் பல பெற்றோர் அந்த வரம்பைத் தாண்டிவிடுவார்கள். மருத்துவச் செலவைக் கழிப்பதற்கு மட்டும் இந்த வரம்பு பார்க்கப்படுவதில்லை. அப்பாவைச் சார்ந்தவராகக் காட்ட முடியவில்லை என்பதாலேயே அவருக்கான மருத்துவச் செலவையும் கணக்கில் சேர்க்காமல் விட்டவர்கள் தங்கள் பழைய படிவங்களை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது.

பெற்றோர் உங்களோடு ஒரே வீட்டில் வாழ வேண்டியதில்லை. ஆனால் அவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவராகவோ, அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய நாடுகளில் ஒன்றில் வசிப்பவராகவோ இருக்க வேண்டும். கிரீன் கார்டு பெற்று இங்கேயே வாழும் அம்மாவுக்கு இதில் தடை இல்லை. மதுரையிலோ தஞ்சாவூரிலோ வாழும், அமெரிக்கக் குடியுரிமை இல்லாத அப்பாவுக்காக அங்குள்ள வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் போட்டு, வாசலில் சாய்தளம் கட்ட நீங்கள் அனுப்பிய பணம், எவ்வளவு நியாயமான தேவைக்காக இருந்தாலும், இந்தக் கழிவுக்குள் வராது. பார்வையாளர் விசாவில் ஆண்டுதோறும் ஆறு மாதம் வந்து தங்குபவரின் நிலை, நாட்களை எண்ணிப் பார்க்கும் தனி விதியைச் சார்ந்தது. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து 180 நாட்கள் தங்கினாலே அந்த எண்ணிக்கை எட்டிவிடும். ஆனால் வரி நோக்கில் இங்கு வசிப்பவர் ஆகிவிட்டால் அவருடைய இந்திய வருமானமும் அமெரிக்க வரிக்குள் வரும் என்பதால், ஒரு கழிவுக்காக அந்தக் கதவைத் திறப்பதற்கு முன் வரி ஆலோசகரிடம் பேசிவிடுங்கள்.

அண்ணன் தம்பிகள் பலர் சேர்ந்து பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் வீடுகளில், தனியாக யாரும் பாதிக்கு மேல் ஏற்காவிட்டாலும், 10 சதவீதத்துக்கு மேல் ஏற்பவர்களுள் ஒருவர் மற்றவர்களின் சம்மதத்தோடு பாரம் 2120 என்ற படிவம் வழியாகப் பெற்றோரைத் தம்மைச் சார்ந்தவராகக் காட்டலாம். அப்படிக் காட்டுபவர் தம் கையிலிருந்து கொடுத்த மருத்துவச் செலவை மட்டுமே கழிக்க முடியும். அண்ணன் அம்மாவைக் காட்டிவிட்டு, குளியலறைக்கான பணத்தைத் தங்கை கொடுத்திருந்தால் அந்தப் பணம் இருவர் கணக்கிலும் சேராது. தங்கை வேறு வீட்டுச் செலவுகளை ஏற்றுக்கொண்டு, கான்ட்ராக்டருக்கான காசோலையை அண்ணன் எழுதுவதே சரியான ஏற்பாடு.

இரண்டாம் படி: மருத்துவரின் கடிதம், வேலைக்கு முன்பே

இந்தக் கடிதத்தைப் படிவத்தோடு இணைத்து அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் விசாரணை வந்தால், மாற்றத்தின் முதன்மை நோக்கம் மருத்துவம்தான் என்று காட்ட இதைவிட வலுவான சான்று வேறில்லை. கடிதத்தின் தேதி கான்ட்ராக்டரின் முதல் பில்லுக்கு முந்தியதாக இருக்க வேண்டும். பிறகு வாங்கிய கடிதம் செல்லாது என்று சட்டம் சொல்லவில்லை என்றாலும், வேலையை முடித்துவிட்டுக் காரணம் தேடியதுபோல் அது தோன்றும்.

“நோயாளிக்கு வீட்டில் வசதிகள் செய்து தருவது நல்லது” என்று எழுதிய கடிதத்தால் பயன் மிகக் குறைவு. “வலது இடுப்பு எலும்பு முறிவுக்குப் பிறகு இவரால் காலை ஆறு அங்குலத்துக்கு மேல் தூக்க இயலாது, வாக்கர் இன்றி நடக்க இயலாது, குளியல் தொட்டிக்குப் பதிலாக விளிம்பில்லாத ஷவரும், கழிப்பறைக்கு அருகே பிடிகம்பிகளும், வாசற்படிக்கு மாற்றாகச் சாய்தளமும் தேவை” என்று எழுதினால், நோய், இயலாமை, மாற்றம் மூன்றும் ஒரே சங்கிலியில் வந்துவிடுகின்றன. மருத்துவர்கள் அவசரத்தில் இருப்பவர்கள். தேவைகளை நீங்களே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் கடிதம் முழுமையாக வரும். இயன்முறை மருத்துவர் வீட்டுக்கு வந்து பார்த்து எழுதிய குறிப்பு இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள்.

எழுபது வயதில் நலமாக இருப்பவருக்கு எதிர்காலத்தில் உதவும் என்று முன்கூட்டியே செய்யும் மாற்றங்கள் இந்தக் கழிவில் சேராது. இப்போது இருக்கும் உடல்நிலைக்குத் தேவையானதா என்பதுதான் கேள்வி.

மூன்றாம் படி: வீட்டின் மதிப்பு கூடுகிறதா?

விதி எளிமையானது: மாற்றத்துக்கு ஆன செலவிலிருந்து, அதனால் வீட்டின் மதிப்பு எவ்வளவு கூடியதோ அதைக் கழித்தால் மிஞ்சுவது மருத்துவச் செலவு. மதிப்பு கூடவே இல்லை என்றால் முழுத் தொகையும் மருத்துவச் செலவுதான்.

உடல் இயலாமைக்கு ஏற்ப வீட்டை அமைக்கும் பல மாற்றங்கள் பொதுவாக மதிப்பைக் கூட்டுவதில்லை என்று ஐ.ஆர்.எஸ். தானே ஏற்றுக்கொள்கிறது. வாசலில் சாய்தளம் அமைப்பது, வாசற்கதவுகளையும் உள்கதவுகளையும் நடைவழிகளையும் அகலப்படுத்துவது, குளியலறையில் கம்பிகள் பொருத்தி அதை மாற்றியமைப்பது, சமையலறை அலமாரிகளைத் தாழ்த்துவது, மின் சுவிட்சுகளை இடம் மாற்றுவது, மாடிப்படியை மாற்றுவது, வாசலில் லிஃப்ட் வைப்பது, கதவுக் கைப்பிடிகளை மாற்றுவது, வீட்டை அடைய வசதியாகத் தரையைச் சமன்படுத்துவது ஆகியவை அந்தப் பட்டியலில் உண்டு. காது கேளாதவருக்காகப் புகை எச்சரிக்கைக் கருவியை மாற்றியமைப்பதும் அதில் அடங்கும். இவற்றுக்குச் சொத்து மதிப்பீட்டாளர் தேவையில்லை.

சாய்தளத்தைப் பற்றி ஒரு நடைமுறைக் குறிப்பு: பரவலாகப் பின்பற்றப்படும் அளவுப்படி ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் வேண்டும். ஏழு அங்குலப் படிகள் மூன்று இருந்தால் 21 அங்குலம். அதற்கு 21 அடி நீளச் சாய்தளம். எஸ்டிமேட் பார்த்து அதிர்ச்சி அடைபவர்கள் பலரும் ஐந்தடிப் பலகையைக் கற்பனை செய்தவர்கள்தான்.

வீட்டுக்குள் அமைக்கும் முழு லிஃப்டின் கதை வேறு. அது பொதுவாக மதிப்பைக் கூட்டும் என்பதே ஐ.ஆர்.எஸ். நிலைப்பாடு. லிஃப்டுக்கு 40,000 டாலர் செலவாகிறது, மதிப்பீட்டாளர் வீட்டின் மதிப்பை முன்பு 6,20,000 என்றும் பின்பு 6,45,000 என்றும் எழுதித் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கூடிய மதிப்பு 25,000. ஆகவே மருத்துவச் செலவு 15,000 மட்டுமே. அந்த 25,000 வீணாவதில்லை. வீட்டின் அடக்கவிலையில் அதைச் சேர்த்துக்கொள்ளலாம். பின்னாளில் வீட்டை விற்கும்போது வரும் ஆதாயம் அந்த அளவுக்குக் குறையும். மருத்துவச் செலவாகக் கழித்த தொகையை மறுபடி அடக்கவிலையில் சேர்க்கக் கூடாது. தரைத்தளத்தில் புதிதாக ஒரு படுக்கையறையும் குளியலறையும் கட்டுபவர்களுக்கும் இதே கணக்குதான். அங்கே மதிப்பு செலவளவுக்கே கூடிவிடலாம் என்பதால், கழிவை நம்பி அந்த முடிவை எடுக்காதீர்கள்.

லிஃப்ட் போன்ற சாதனத்தின் மூலச்செலவில் ஒரு டாலர்கூடக் கழிக்க முடியாமல் போனாலும், அந்தச் சாதனம் மருத்துவத் தேவைக்கே பயன்படும் வரை அதற்கான மின்கட்டணமும் பராமரிப்புச் செலவும் ஆண்டுதோறும் மருத்துவச் செலவாகவே கொள்ளப்படும்.

நான்காம் படி: எஸ்டிமேட்டை இரண்டாகப் பிரித்து வாங்குவது

உடல்நிலைக்கு ஏற்ப வீட்டை அமைக்க நியாயமாகத் தேவைப்படும் தொகையை மட்டுமே சட்டம் ஏற்கிறது. அழகுக்காகவும் சொந்த விருப்பத்துக்காகவும் கூடிய தொகை வெளியே. 1978இல் ஏழாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முதுகெலும்பு நோயுள்ள ஒருவருக்கு மருத்துவர் நீச்சலைப் பரிந்துரைக்க, குடும்பத்தினர் வீட்டின் கட்டடக்கலைக்குப் பொருந்தும்படி ஏறக்குறைய 1,95,000 டாலர் செலவில் ஆடம்பரமான உள்ளரங்க நீச்சல்குளம் கட்டினார்கள். நீச்சல் மருத்துவத் தேவைதான் என்பதில் வழக்கில்லை. அந்தத் தேவைக்குப் போதுமான குளத்துக்கு என்ன செலவாகியிருக்குமோ அந்த அளவோடுதான் கழிவு என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நம் வீடுகளில் நீச்சல்குளம் அரிது. இத்தாலிய டைல்ஸ் சாதாரணம். விளிம்பில்லாத ஷவர், வழுக்காத தரை, பிடிகம்பி, குழாய் வேலை ஆகியவை ஒரு பில்லிலும், விலை கூடிய டைல்ஸ், கண்ணாடித் தடுப்பு, புது வாஷ்பேசின் ஆகியவை வேறொரு பில்லிலும் வரும்படி வேலை தொடங்கும் முன்பே கான்ட்ராக்டரிடம் கேளுங்கள். ஒரே பில்லாகத்தான் வரும் என்றால், வரி வரியாகத் தொகை எழுதித் தரச் சொல்லுங்கள். ஹோம் டிப்போவில் பொருள் வாங்கிச் சனி ஞாயிறுகளில் நீங்களே வேலை செய்தால் பொருளின் விலையை மட்டும் சேர்க்கலாம். உங்கள் உழைப்புக்கு விலை போட முடியாது.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் இந்தக் கழிவு உண்டு. மாற்றச் செலவை வீட்டுக்காரர் ஏற்காமல், வாடகையையும் குறைக்காமல் இருந்தால் நீங்கள் கொடுத்த முழுத் தொகையையும் சேர்க்கலாம். வீடு உங்களுடையது அல்ல என்பதால் மதிப்புக் கணக்கும் வராது. உடல் இயலாமை உள்ளவர் தம் செலவில் செய்யும் நியாயமான மாற்றங்களை வீட்டுக்காரர் தடுக்கக் கூடாது என்று கூட்டாட்சியின் வீட்டுவசதிச் சட்டம் சொல்கிறது. ஆனாலும் அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள். காலி செய்யும்போது பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டுமா என்பதும் அதில் இருக்கட்டும்.

ஐந்தாம் படி: ஆண்டைத் தேர்ந்தெடுப்பது

பெரும்பாலோர் கவனிக்காமல் விடும் படி இதுதான். மருத்துவச் செலவில் உங்கள் சரிசெய்யப்பட்ட மொத்த வருமானத்தின் 7.5 சதவீதத்துக்கு மேற்பட்ட பகுதியை மட்டுமே கழிக்கலாம். அதுவும் ஷெட்யூல் ஏ என்ற இணைப்புப் படிவம் வழியாகச் செலவுகளைத் தனித்தனியாகக் காட்டுபவர்களுக்கே. அப்படிக் காட்டும் எல்லாக் கழிவுகளின் மொத்தம், செலவு விவரம் காட்டாமலேயே கிடைக்கும் நிலையான கழிவை (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) தாண்டினால்தான் பயன். 2025இல் நிலையான கழிவு தனி நபருக்கு 15,750 டாலர், சேர்ந்து தாக்கல் செய்யும் தம்பதிக்கு 31,500 டாலர்.

நியூ ஜெர்சியில் வாழும் ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். வருமானம் 1,60,000 டாலர், அதில் 7.5 சதவீதம் 12,000. கிரீன் கார்டு பெற்ற அம்மா அவர்களைச் சார்ந்திருக்கிறார். குளியலறை பில் 17,800. அதில் அலங்காரம் 3,300 போக 14,500. சாய்தளம் 6,300, இரண்டு கதவுகளை அகலப்படுத்த 2,200, கைப்பிடிக் கம்பிகளும் கதவுப் பிடிகளும் 900. ஆக 23,900. அம்மாவின் பல் சிகிச்சைக்கும் காதுக் கருவிக்கும் 4,100. மொத்த மருத்துவச் செலவு 28,000. 12,000 போகக் கழிக்கக்கூடியது 16,000.

சொத்து வரியும் மாநில வருமான வரியும் 17,500, வீட்டுக் கடன் வட்டி 9,000, நன்கொடை 1,000 என்றால் மற்றக் கழிவுகள் 27,500. மருத்துவச் செலவையும் சேர்த்தால் 43,500. நிலையான கழிவைவிட இது 12,000 அதிகம். 22 சதவீத வரி அடுக்கில் மிச்சமாவது 2,640 டாலர். அதாவது வீட்டு மாற்றத்துக்குச் செலவான 23,900 டாலரில் ஒன்பதில் ஒரு பங்கு. இதைவிட அதிகம் எதிர்பார்ப்பவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும்.

இதே 28,000 டாலரை இரண்டு ஆண்டுகளில் பாதிப் பாதியாகச் செலவிட்டிருந்தால் என்ன ஆகும்? வருமானமும் மற்றக் கழிவுகளும் அப்படியே இருக்க, ஒவ்வோர் ஆண்டும் 14,000இல் 12,000 போய் 2,000 மிஞ்சும், மொத்தம் 29,500. அது நிலையான கழிவை எட்டவில்லை. இரண்டு ஆண்டிலும் கூட்டாட்சி வரியில் ஒரு டாலர்கூட மிச்சமாகாது. அக்டோபரில் வேலை தொடங்கி, கடைசித் தவணையை ஜனவரியில் கொடுக்கும் குடும்பங்கள் அறியாமல் இதைத்தான் செய்கின்றன. மருத்துவர் அனுமதித்தால் வேலையை ஜனவரிக்குத் தள்ளுங்கள். தள்ள முடியாத நிலையில், வேலையை டிசம்பருக்குள் முடித்து பில்லையும் அதற்குள் தீர்த்துவிடுங்கள். பணம் கொடுத்த நாள்தான் கணக்கு. கிரெடிட் கார்டில் கொடுத்தால் அட்டையைத் தேய்த்த ஆண்டிலேயே அது செலவு. அட்டைக்காரனுக்கு நீங்கள் எப்போது திருப்பிக் கொடுக்கிறீர்கள் என்பது பொருட்டல்ல.

இத்தகைய ஆண்டில் மூக்குக் கண்ணாடி, பல் சிகிச்சை என்று தள்ளிப்போட்டு வந்தவற்றையும் முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம். 7.5 சதவீத வேலியை (மேலே பார்த்த குடும்பத்துக்கு 12,000 டாலர்) தாண்டிய பிறகு வரும் ஒவ்வொரு டாலரும் முழுமையாகக் கழியும்.

ஆறாம் படி: எச்.எஸ்.ஏ. கணக்கிலிருந்து கொடுப்பதா?

மருத்துவச் சேமிப்புக் கணக்கான எச்.எஸ்.ஏ.வில் இருப்பது ஏற்கெனவே வரி கட்டாத பணம். தகுதியுள்ள வீட்டு மாற்றங்களுக்கு அதிலிருந்து கொடுக்கலாம், அங்கே 7.5 சதவீத வேலியும் இல்லை, ஷெட்யூல் ஏ-வும் தேவையில்லை. ஆனால் அப்படிக் கொடுத்த தொகையையும், காப்பீடு திருப்பித் தந்த தொகையையும் மறுபடி கழிவில் காட்ட முடியாது.

ஆகவே சில நூறு அல்லது சில ஆயிரம் டாலர் செலவாகும் கம்பி, கைப்பிடி போன்ற சிறு வேலைகளுக்கு எச்.எஸ்.ஏ.தான் சரி, வேலியைத் தாண்டாத செலவுக்கு ஷெட்யூல் ஏ வழியாக எந்தப் பயனும் இல்லை. பெரிய வேலைகளில் இரண்டையும் அரைகுறையாகக் கலப்பதே மோசமான வழி, ஏனெனில் எச்.எஸ்.ஏ.வில் கொடுத்த தொகை கழிவின் மேற்பகுதியிலிருந்து குறைகிறதே தவிர வேலியின் உயரத்தைக் குறைப்பதில்லை. என்னைக் கேட்டால், கணக்கில் போதிய பணம் இருப்பவர்கள் முழுவதையும் அங்கிருந்து கொடுப்பதையே முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். 65 வயதுக்கு முன் தகுதியில்லாத செலவுக்கு அந்தப் பணத்தை எடுத்தால் வரியோடு 20 சதவீதத் தண்டமும் உண்டு என்பதால், மருத்துவரின் கடிதமும் பிரித்த பில்லும் இங்கும் அதே அளவு முக்கியம்.

முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரை இதற்கு நம்ப முடியாது. சக்கர நாற்காலி, வாக்கர், மருத்துவமனைக் கட்டில் போன்ற சாதனங்களுக்கு அது உதவும். பிடிகம்பிக்கும் மாடிப்படி லிஃப்டுக்கும் பொதுவாகக் கொடுப்பதில்லை.

ஏழாம் படி: மாநில வரியை மறக்காமல் பார்ப்பது

நியூ ஜெர்சியில் மருத்துவச் செலவுக்கான வேலி மொத்த வருமானத்தில் 2 சதவீதம் மட்டுமே. கூட்டாட்சிப் படிவத்தில் நிலையான கழிவை எடுத்தவர்களும் அங்கே மருத்துவச் செலவைக் கழிக்கலாம். மேலே பார்த்த குடும்பத்துக்கு 28,000இல் 3,200 போக 24,800 டாலர் கழிவு, 5.525 சதவீத அடுக்கில் ஏறக்குறைய 1,370 டாலர் மிச்சம். எடிசன் பக்கம் இருப்பவர்கள் கூட்டாட்சிக் கணக்கில் எதுவும் தேறவில்லை என்று பில்களைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். வர்ஜீனியாவில் வீட்டை அணுகல் வசதியுள்ளதாக மாற்றுவோருக்குத் தனி வரிச்சலுகைத் திட்டமே உண்டு. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

எட்டாம் படி: படிவமும் கோப்பும்

ஷெட்யூல் ஏ-யின் முதல் வரியில் மொத்த மருத்துவச் செலவு, இரண்டாம் வரியில் சரிசெய்யப்பட்ட மொத்த வருமானம், மூன்றாம் வரியில் அதன் 7.5 சதவீதம், நான்காம் வரியில் மிஞ்சும் கழிவு. நான்கே வரிதான். மதிப்பு கூடும் மாற்றமாக இருந்தால் 502ஆம் கையேட்டில் உள்ள கணக்குத்தாளை நிரப்பி உங்களிடமே வைத்துக்கொள்ள வேண்டும்.

மருத்துவரின் கடிதம், பிரித்த பில்கள், பணம் கொடுத்ததற்கான வங்கிச் சான்று, வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், மதிப்பீட்டாளரின் அறிக்கை, பெற்றோரின் செலவில் பாதிக்கு மேல் ஏற்றதைக் காட்டும் கணக்கு ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். படிவம் தாக்கல் செய்த நாளிலிருந்து குறைந்தது மூன்று ஆண்டுகள் அவை இருக்க வேண்டும். அடக்கவிலையில் சேர்த்த தொகைக்கான தாள்கள் வீட்டை விற்ற ஆண்டுக்கான படிவத்தைத் தாக்கல் செய்த பிறகும் மூன்று ஆண்டுகள் தேவைப்படும்.

முன்பே வேலையை முடித்து, கழிவைக் காட்டாமல் விட்டவர்கள் பாரம் 1040-எக்ஸ் வழியாகப் பழைய படிவத்தைத் திருத்தலாம். பொதுவாகத் தாக்கல் செய்ததிலிருந்து மூன்று ஆண்டுகள் வரை அதற்கு இடமுண்டு. 2024ஆம் ஆண்டுக்கான படிவத்தை 2025 ஏப்ரல் 15 அன்று கொடுத்தவருக்கு 2028 ஏப்ரல் 15 வரை. அப்போது நிலையான கழிவை எடுத்திருந்தாலும், இப்போது ஷெட்யூல் ஏ-வுக்கு மாறித் திருத்திக் கொடுக்கலாம்.